கதவு உப்பிவிட்டது, கணப்பை எங்கே வைப்பது?

கேள்வி (குன்னூர்): வீட்டுக்குப் பின்னால் மரவேலைக் கொட்டகை போட்டேன். 'வாட்டர் ப்ரூஃப்' என்று சொல்லி விற்ற ஃப்ளஷ் கதவு (ப்ளைவுட் ஒட்டிய வழவழப்பான கதவு), ஒரே மழைக்காலத்தில் அடியில் உப்பி, மேல்தாள் பிரிந்துவிட்டது. கடையில் கேட்டால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: அந்த ஒரு வரியைப் பார்த்து எத்தனை பேர் பேசாமல் திரும்பிப் போகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கடைக்காரர் தானே அச்சடித்துக்கொண்ட வரி அது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். உங்களுக்கு 30 நாள் தாண்டியிருக்கும். பரவாயில்லை, இல்லாத தரத்தைச் சொல்லி விற்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம்தான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். உப்பிய விளிம்பில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கதவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

இனி வாங்கும்போது கதவில் உள்ள கிரேடைப் படியுங்கள். 'எம்.ஆர்.' என்றால் யூரியா பசை. காற்றின் ஈரத்தைத் தாங்கும், மழையைத் தாங்காது. 'பி.டபிள்யூ.பி.' என்றால் கொதிநீருக்கும் விடாத ஃபீனால் பசை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, கிரேடை பில்லில் எழுதச் சொல்லுங்கள். நல்ல கதவானாலும், அளவுக்காக அடியில் இழைத்ததும் வெட்டுவாய் திறந்துகொள்ளும். தண்ணீர் ஏறுவது அங்கேதான். மாட்டும் முன் அந்த விளிம்புக்கு இரண்டு கோட் ப்ரைமர் அடித்தே ஆகவேண்டும்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): கதவுக்குத் தேக்குப் பலகை 10 வாங்கினேன். ஒவ்வொன்றும் 7 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். 7 கன அடி என்று பணம் வாங்கினார்கள். சரிதானா?

பதில்: சரியில்லை. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுங்கள். ஒரு பலகை 0.583 கன அடி, பத்துக்கு 5.83. பன்னிரண்டு பலகைக்குக் காசு கொடுத்துப் பத்து வாங்கி வந்திருக்கிறீர்கள். கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு நாளைக்கே போய் மிச்சப் பணத்தைக் கேளுங்கள். போகும் முன் பலகை ஓரங்களையும் பாருங்கள். மரத்தின் நடுவிலுள்ள வைரப் பகுதி பழுப்பாக இருக்கும். பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதிக்குச் சாயம் பூசி விற்பதுண்டு. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் சாயம் துணியில் ஒட்டும்.

கேள்வி (உதகமண்டலம்): கதவை உள்பக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டோம். இப்போது கணப்பு அடுப்பை இறக்கியதும் கதவு அதில் இடிக்கிறது. அடுப்பைக் கடை திரும்ப எடுக்குமா?

பதில்: எதற்கு எடுக்கவேண்டும்? அடுப்பில் குறை இல்லை. வாங்கும் முன் தரையில் சாக்பீஸால் அதன் அளவைக் கோடு போட்டுப் பார்த்திருக்கலாம். இதே மாதிரிக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தீப்பிடித்தால் தள்ளிக்கொண்டு ஓடவும் அதுதான் நல்லது. அப்போது கீலின் முள் வெளியே தெரியும், ஆகவே முள்ளை உருவ முடியாத கீலாக, கதவுக்கு மூன்று வீதம் வாங்குங்கள்.

கேள்வி (கோத்தகிரி): விறகுக் கணப்பை பலகைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து, ஜி.ஐ. குழாயில் புகைபோக்கி விடலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. வெப்பத் தடுப்புத் தகடு இல்லாத பலகைச் சுவருக்கு 3 அடி விடுங்கள். ஜி.ஐ. குழாய் சூடேறினால் துத்தநாகப் பூச்சு புகையும். கருப்பு இரும்புக் குழாயோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். அடுப்பின் புகை வாய் 6 அங்குலம் என்றால் குழாய் மேலே கடைசிவரை 6 அங்குலமே போகவேண்டும். குழாயின் சுருக்கிய முனை கீழ்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் புகையில் படியும் கரித்தார் இணைப்பு வழியே வெளியே வழியும். கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடியாவது எழும்பி, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்து நிற்கவேண்டும். குழாய் கூரைக் கட்டையைத் தொடவே கூடாது.

மலிவு என்று நான் வாங்கிய 2 மி.மீ. தகட்டு அடுப்பு இரண்டே குளிர்காலத்தில் நெளிந்து, கதவு மூடாமல் போனது. 5 மி.மீ.க்குக் குறைந்து வாங்காதீர்கள். பச்சை யூகலிப்டஸை எரிக்காதீர்கள். பிளந்து, ஓராண்டு காயவைத்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு போடுங்கள். மணல்தாள் தேய்க்கும்போதும் தின்னர் திறந்திருக்கும்போதும் நெருப்பு வேண்டவே வேண்டாம். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): குழாய்ச் செலவு அதிகம். புகை வராத அடுப்புக்கரியை ஒரு சட்டியில் போட்டு உள்ளே வைத்துக்கொண்டால் போதாதா?

பதில்: வைக்காதீர்கள். புகை வராத கரியும் கார்பன் மோனாக்சைடு என்ற, ஆளைக் கொல்லும் வாயுவை விடும். அதற்கு வாடையே கிடையாது. குழாய்க்குப் பணம் சேரும்வரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.