மடக்குக் கத்தி கேள்வி-பதில்: முத்திரையைத் தேய்க்காதீர்கள்

அட்லாண்டாவில் ஜூன் மாதக் கத்திக் கண்காட்சி முடிந்தாலே எனக்குக் கடிதங்கள் குவியும். இந்த முறையும் குவிந்திருக்கின்றன. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேஸ் (Case) கம்பெனியின் 6254 ட்ராப்பர் மடக்குக் கத்தி வாங்கினேன். அலகின் அடியில் அடித்த முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள். விற்றவர் 1970 என்றார், நண்பர் 1980 என்கிறார். எது சரி? (ஷார்லட்)

இரண்டு வருடத்துக்கும் பத்துப் புள்ளிதான், அதனால்தான் இந்தக் குழப்பம். 1970இல் பத்துப் புள்ளியோடு ஆரம்பித்தார்கள். வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்து, 1979இல் ஒரு புள்ளிக்கு வந்தார்கள். 1980இல் மறுபடியும் பத்து. ஆனால் 1980இல் கம்பெனிப் பெயரில் உள்ள எஸ் எழுத்து மின்னல் கீற்றுப் போல உடைந்து உடைந்து கூராக இருக்கும். 1970 எஸ் வளைவாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரு நிமிட வேலை. புள்ளியே இல்லாமல் யு.எஸ்.ஏ. என்று மட்டும் இருந்தால் 1965 முதல் 1969. யு.எஸ்.ஏ.வும் இல்லாமல் பெயரும் இரண்டு எக்ஸும் மட்டும் இருந்தால் 1940 முதல் 1964. 'டெஸ்டட்' என்ற சொல் இருந்தால் 1920க்கும் 1940க்கும் இடையில்.

எண்ணையும் படிக்கப் பழகுங்கள். 6 என்றால் எலும்புப் பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 என்பது வடிவம். 5இல் தொடங்கினால் மான் கொம்பு, 3 என்றால் மஞ்சள் பிடி. எண் 5 என்று சொல்லிப் பிடி எலும்பாக இருந்தால், யாரோ பிடியையோ அலகையோ மாற்றியிருக்கிறார்கள்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு போகும்? (பெயரும் ஊரும் இல்லை)

போட்டோவில் தெரிவது உங்கள் மேஜை விரிப்பு. கத்தி மூடியிருக்கிறது, வெளிச்சம் இல்லை, முத்திரை தெரியவில்லை. எல்லா அலகையும் திறந்து வைத்து, இரண்டு பக்கமும், ஒவ்வொரு டேங்கின் (tang, அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதி) முத்திரையையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும். இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

ஜோசப் ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி. அலகில் நட்சத்திரமும் சிலுவையும் இருக்கின்றன. இந்த முத்திரை 1764இல் பதிவானது என்று படித்தேன். அப்படியானால் என் கத்திக்கு 260 வயதா? (லண்டன்)

இல்லை. முத்திரை பதிவான வருடம் வேறு, கத்தி செய்த வருடம் வேறு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தின் அந்தக் கம்பெனி அதே நட்சத்திரத்தையும் சிலுவையையும் இருபதாம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அலகில் 'இங்கிலாந்து' என்று இருக்கிறதா? மெக்கின்லி சுங்கச் சட்டத்தால் 1891 முதல் அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று ஆனது. ஆகவே நாட்டுப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது என்று வையுங்கள். கிரீடத்துக்கு இருபுறமும் வி, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம். இரண்டும் சேர்ந்திருந்தால் சுமாராக 1891க்கும் 1901க்கும் நடுவில். உங்கள் கத்தியில் இரண்டும் இருந்தால் அது அந்தப் பத்து வருடத்தில்தான் விழுகிறது. நல்ல கத்திதான், பத்திரமாக வையுங்கள்.

ரெமிங்டன் கம்பெனியின் ஸ்டாக்மேன் மடக்குக் கத்தி ஒன்று கண்காட்சியில் கிடைத்தது. கறுத்துப்போய் அசிங்கமாக இருந்தது. வீட்டில் இருக்கும் சாணை மெஷினில் பஃபிங் சக்கரம் (மெருகேற்றும் சக்கரம்) மாட்டிப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். இப்போது விலை எவ்வளவு ஏறியிருக்கும்? (டாலஸ்)

ஏறவில்லை. பாதிக்குப் பாதி இறங்கியிருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் மனசு சரியில்லை.

ரெமிங்டன் பழைய கத்திகளை கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் செய்தது 1920 முதல் 1940 வரைதான். உங்கள் கையில் இருந்தது 85, 100 வருடத்துக் கத்தி. அந்தக் கறுப்பு, அழுக்கு அல்ல. கார்பன் எஃகு காற்றோடும், கை வியர்வையோடும், வெட்டிய ஆப்பிளோடும் மெல்ல மெல்லச் சேர்ந்து உண்டான படலம். சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். இந்தக் கருஞ்சாம்பல் படலமோ அடியில் இருக்கும் எஃகைக் காக்கும். சக்கரம் முதலில் தின்பது அதைத்தான். அடுத்தது, தொழிற்சாலையில் மெருகுச் சக்கரம் விட்டுப்போன மெல்லிய கோடுகள். அலகு அசல்தானா, பிற்பாடு சாணை பிடித்ததா என்று நாங்கள் படிப்பதே அந்தக் கோடுகளை வைத்துத்தான். மூன்றாவது முத்திரை. அதன் ஆழம் ஒரு தாளின் கனம்கூட வராது. சக்கரம் இரண்டு முறை தொட்டால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், நான்கு முறை தொட்டால் எழுத்தே இருக்காது.

இன்னொன்றையும் கேளுங்கள். போலி செய்கிறவர்களும் பஃபிங்தான் செய்கிறார்கள். புதிதாக அடித்த முத்திரையையும் புதிதாகப் போட்ட ஆணியையும் மறைக்க அவர்களுக்குச் சுலபமான வழி அது. அதனால் பளபளக்கும் பழைய கத்தியைப் பார்த்தாலே அனுபவமுள்ள சேகரிப்பாளர் கையை எடுத்துவிடுவார். உங்கள் அசல் ரெமிங்டனை நீங்களே போலி மாதிரி ஆக்கிவிட்டீர்கள். பிடியையும் விடாது அந்தச் சக்கரம். எலும்பு சீக்கிரம் தேயும், ஆணி மெதுவாகத் தேயும். கடைசியில் ஆணித் தலை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். மெல்லிய அலகு சூடாகி நிறம் மாறிவிட்டால், அதாவது 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய்விட்டால், பதமும் போச்சு. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

எனக்கே இது நடந்திருக்கிறது. நான் வாங்கிய முதல் நல்ல கத்தி ஒரு ரஸ்ஸல் பார்லோ. அதன் போல்ஸ்டரில், அதாவது பிடியின் முனையில் உள்ள உலோகப் பகுதியில், ஆர் என்ற எழுத்தை ஓர் அம்பு துளைத்துக்கொண்டு போகும், அதுதான் அந்தக் கத்தியின் அழகே. பிடியில் இருந்த சின்ன விரிசலைச் சரிசெய்யச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். விரிசலை அடைத்து, கேட்காமலே பஃபிங்கும் செய்து, கண்ணாடி போலத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்பைக் காணவில்லை. இன்றைக்கும் அந்தக் கத்தியை வைத்திருக்கிறேன். யாராவது சக்கரம் பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

சரி, கறுத்த கத்தி கிடைத்தால் என்ன செய்வது? மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லத் திறந்து மூடுங்கள். உள்ளே இருக்கும் குப்பையை மரப் பல்குச்சியால் எடுங்கள். சிவப்புத் துரு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் தடவி, 1982க்கு முந்தைய அமெரிக்க ஒரு சென்ட் காசின் விளிம்பால் சுரண்டுங்கள். அது கிட்டத்தட்ட முழுச் செம்பு, எஃகைவிட மென்மை. பித்தளை லைனரில் (பிடிக்கு உள்ளே இருக்கும் தகடு) பச்சைக் களிம்பு இருந்தால் அதுவும் பல்குச்சி வேலைதான். குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளி, எலுமிச்சை என்று இறங்காதீர்கள். புளிப்பு எஃகை அரிக்கும். முத்திரையின் மேல் துணியைத் தவிர வேறு எதுவும் படக் கூடாது. இவ்வளவுதான் சுத்தம் செய்வது. இதற்கு மேல் கை பரபரத்தால், கத்தியை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

என் டப்பாவில் ஒரே ஒரு கத்தியைச் சுற்றி மற்ற கத்திகளும் துருப்பிடிக்கின்றன. ஏன்? (எடிசன், நியூ ஜெர்சி)

அந்த ஒரு கத்தியின் பிடி செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். முத்துச் சிப்பி போலவோ, மிட்டாய்க் கோடு போலவோ, ஆமையோடு போலவோ இருக்குமே, அதுதான். அதில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் பழசாகிச் சிதையும்போது அமில ஆவி விடும். பிடிக்கு ஒட்டினாற்போல இருக்கும் எஃகு முதலில் துருப்பிடிக்கும், பிறகு பக்கத்துக் கத்தி. இன்றைக்கே அதைத் தனியாக எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்புக்கும் வெயிலுக்கும் பக்கத்தில் வேண்டாம், செல்லுலாய்டு பக்கென்று தீப்பிடிக்கும். மேலே மினுமினுப்பாக வியர்க்க ஆரம்பித்தாலோ நொறுங்க ஆரம்பித்தாலோ காப்பாற்ற வழியில்லை.

சென்னையில் வைத்துக்கொள்ள யோசனை சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் போதுமா? (மயிலாப்பூர்)

போதாது. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாக ஆகப் பிசின் போல ஒட்டும், மூட்டு இறுகும். மினரல் ஆயில் மெல்லிசாகப் பூசுங்கள், அல்லது ரினைசான்ஸ் மெழுகு. அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது அது. டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். தோல் பதனிடும் பொருள் ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கும்.

மான் கொம்புப் பிடியும் தந்தப் பிடியும் போட்ட இரண்டு கத்திகளை ஊருக்குக் கொண்டுபோகலாமா? (ஹியூஸ்டன்)

தந்தத்தை மறந்துவிடுங்கள். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் உங்கள் 'இது நூறு வருடப் பழசு' என்ற பேச்சைக் கேட்காது. அமெரிக்காவிலேயே 2016க்குப் பிறகு தந்தம் விற்பது பெரும்பாடு. கொம்பையும் கொண்டுபோக வேண்டாம் என்பேன். பழைய ஷெஃபீல்டு, ஜெர்மன், அமெரிக்கக் கத்திகளில் உள்ள நல்ல கொம்புப் பிடிகளில் பெரும்பாலானவை நம் கடமான் கொம்பு. இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது அது. 1990களின் கடைசியில் ஏற்றுமதியை நிறுத்திய பிறகுதான் பழைய கொம்புப் பிடிகளுக்கு இந்த விலை. சுங்க அதிகாரி பார்க்கப் போவது விலையை அல்ல, கடமானை. மாட்டெலும்புப் பிடி என்றால் கவலையில்லை, ஆனால் செக்-இன் பெட்டியில்தான். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ரெமிங்டன் ஆர்1123, தோட்டா ஷீல்டு (பிடியில் பதித்த தோட்டா வடிவ உலோகத் தகடு), மின்ட் கண்டிஷன் (புத்தம் புதுசு போல), 90 டாலர். விற்றவர் தன் தாத்தாவுடையது என்றார். அதிர்ஷ்டம்தானே? (ராலே)

அசல் 1920களின் ஆர்1123 அந்த நிலையில் இருந்தால் ஆயிரம் டாலருக்கு மேல் போகும். 90 டாலருக்கு ஏன் கொடுத்தார் என்று வாங்கும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். 1982இல் இதே வடிவத்தை மறுபதிப்பாக வெளியிட்டார்கள், பிடி டெல்ரின் என்ற பிளாஸ்டிக். லென்ஸில் பாருங்கள். எலும்பில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும், டெல்ரின் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மறுபதிப்பும் மோசமான கத்தி அல்ல, அதன் விலைக்கு அது சரிதான். தாத்தா கதைக்குத் தனியாகக் காசு கொடுத்திருந்தால் அதுதான் நஷ்டம்.

அலகு மாற்றியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பலர்)

போல்ஸ்டரில் மூட்டு ஆணி இருக்கும் இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அசல் கத்தியில் ஆணித் தலை தெரியவே தெரியாது, தெரிந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். எல்லா டேங்கும் ஒரே கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அலகு திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் ஸ்பிரிங் முதுகோடு சமமாக நிற்க வேண்டும். அலகு பாதி தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்தது போலக் கூர்மையாக இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

முனை உடைந்த அலகைத் தீட்டிச் சரிசெய்யலாமா? (டொராண்டோ)

சமையலுக்கு வாங்கியது என்றால் தீட்டலாம். சேகரிப்புக்கு என்றால் அப்படியே விடுங்கள்.

அடுத்த கண்காட்சிக்கு முதன்முறையாகப் போகிறேன். என்ன கொண்டுபோக? (நாஷ்வில்)

பத்து மடங்கு லென்ஸ், சின்ன டார்ச், ரொக்கம். முதல் நாள் காலையில் நல்ல கத்தி இருக்கும், கடைசி நாள் மதியம் நல்ல விலை இருக்கும். மேஜையில் உள்ளதை எடுக்கும் முன் கேளுங்கள், திறக்கும் முன் மறுபடியும் கேளுங்கள். அலகைப் படாரென்று மூடாதீர்கள், விரல் வைத்து மெல்ல இறக்குங்கள். பார்த்து முடித்ததும் உங்கள் கைரேகையைத் துணியால் துடைத்து, மூடிய கத்தியாகத் திருப்பிக் கொடுங்கள். முத்திரையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.