‘ஹலால் ஆமிஷ் வாரம்’ என்று விற்கிறார்கள்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். காயல்பட்டினத்திலிருந்து வாப்பாவும் உம்மாவும் வந்திருக்கிறார்கள். அக்டோபரில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம், பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் கிராமங்களில் ஒரு வாரம் ஓடியாடாமல் தங்கிவர ஆசை. ஓர் ஏஜென்ட் மூன்று வேளைச் சாப்பாட்டோடு ‘ஹலால் ஆமிஷ் வாரம்’ என்று பேக்கேஜ் தருகிறார். ஆமிஷ்காரர்கள் வேதக்காரர்கள், ஆடு கோழியைத் தாங்களே அறுப்பவர்கள், ஆகவே தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார். முன்பணத்தை ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஏஜென்டைக் கைவிட்டால் போதும். எடிசனிலிருந்து லங்காஸ்டர் காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத் தொலைவுதான். ஸ்ட்ராஸ்பர்க் அல்லது பேர்ட்-இன்-ஹேண்ட் பக்கம் அடுப்பும் ஃபிரிட்ஜும் உள்ள ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் இறைச்சியை உறையவைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், காய்கறி, பழம், முட்டை ஆகியவற்றை மட்டும் அங்குள்ள பண்ணை வாசல்களில் வாங்கிச் சமைத்துக்கொள்வதுதான், வயதானவர்களோடு போகும் உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு. நடுவில் இறைச்சி தீர்ந்தாலும் கவலையில்லை. லங்காஸ்டர் நகரத்தில் அகதிகளாக வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் நிறைய இருப்பதால் ஹலால் கடைகளும் பள்ளிவாசலும் அங்கே உண்டு.

ஏஜென்ட் சொன்னதில் மார்க்க விஷயம் ஒன்றும் தொழில் விஷயம் ஒன்றும் கலந்திருக்கின்றன. வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவு பற்றிய தீர்ப்பையும், ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவில் அதற்குச் சொல்லப்படும் நிபந்தனைகளையும் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன். ஹலால் உணவு ஆய்வு செய்பவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது, அந்தத் தீர்ப்பு வரை போகவே ஏஜென்டின் வாதத்தில் சரக்கில்லை என்பதுதான். நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து சாப்பிடும் லங்காஸ்டர் பக்கத்துப் பெரிய உணவகங்கள் பல ஆமிஷ் மக்களுக்குச் சொந்தமானவையே அல்ல. பக்கத்துப் பண்ணையில் தாடி வைத்த பெரியவர் பிரார்த்தனை செய்து அறுத்த கோழி அந்தத் தட்டுகளுக்கு வருகிறது என்று நினைப்பது வீண். ஆமிஷ் விவசாயி வளர்த்த கோழியாகவே இருந்தாலும், அது பெரும்பாலும் லாரியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போய், ஓடும் சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி, யார் என்று நமக்குத் தெரியாத தொழிலாளியாலோ இயந்திரத்தாலோ அறுபட்டுத்தான் பெட்டிக்குள் போகிறது. ‘ஆமிஷ் கோழி’ என்பது ஒரு வியாபாரப் பெயர். அது அறுத்தவரின் மதத்தைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லாது.

‘ஹலால்’ என்ற பெயரின் நிலையும் அதைவிடப் பெரிதாகத் தேறவில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். இந்த நாட்டில் ஹலால் என்றால் இன்னதுதான் என்று ஒரே அளவுகோல் கிடையாது. ஒரு சான்றிதழ் நிறுவனம் கையால் அறுப்பதை மட்டும் ஏற்கிறது. இன்னொன்று இயந்திரக் கத்தியையும் ஏற்கிறது. முத்திரையைப் பார்த்து எது எதுவென்று வாங்குபவரால் கண்டுபிடிக்க முடிவதில்லை. நியூ ஜெர்சியில் 2000ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஹலால் என்று விற்பவர் எதன் அடிப்படையில் அப்படிச் சொல்கிறார் என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அந்தச் சட்டம் உங்களோடு வராது. இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். இவர்கள் அகராதியில் ஹலால் என்றால் மேஜையில் பன்றி இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது, அவ்வளவுதான்.

ஆனால் பென்சில்வேனியா டச்சு எனப்படும், ஜெர்மன் வழி வந்த அந்த வட்டார மக்களின் சமையலில் பன்றி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இடங்களே அதிகம். பச்சை பீன்ஸைப் பன்றித் தொடை எலும்போடு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து, பரிமாறும்போது எலும்பை எடுத்துவிடுவார்கள். மேஜைக்கு வருவது வெறும் காய்கறிதான், சாறு முழுவதும் பன்றி. கீரை சாலட்டின் மேல் சூடாக ஊற்றும் குழம்பு பேக்கன் என்ற பன்றி இறைச்சியின் கொழுப்பில் ஆனது. பை எனப்படும் பழப் பலகாரங்களின் அடித்தட்டு மொறுமொறுவென்று உடைவதற்கு லார்ட் என்ற பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். ஷூஃப்ளை பை என்ற வெல்லப்பாகுப் பையிலும் அப்படியே. ஆகவே உள்ளே என்ன பழம் என்று கேட்பதைவிட, அடித்தட்டில் லார்டா வெண்ணெயா என்று கேளுங்கள். டோனட் வாங்கினால் எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேளுங்கள். பண்ணைக்காரர்கள் மறைப்பவர்கள் அல்லர். கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். ஒரே மேஜையில் அந்நியர்களும் சேர்ந்து உட்கார்ந்து, பெரிய தட்டுகளைக் கைமாற்றிப் பரிமாறிக்கொள்ளும் ‘ஃபேமிலி ஸ்டைல்’ விருந்தைத் தவிர்த்துவிடுங்கள்; ஹாம் என்ற பன்றி இறைச்சியைத் தொட்ட கரண்டிதான் அடுத்த நிமிடம் உருளைக்கிழங்கில் இருக்கும். சாலையோரச் சாவடியில் விற்கும் ஆப்பிள் சைடர் பெரும்பாலும் புளிக்காத சாறுதான். பெயரோடு ‘ஹார்ட்’ என்று சேர்ந்தால் அது மது. வீட்டில் செய்த ரூட் பீர் என்ற பானம் என்றால் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்ததா என்று கேட்டு, ஆம் என்றால் விட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டிலும் ஒரு கவனம் வேண்டும். அடுப்பின் மேல் கருகருவென்று ஒரு வார்ப்பிரும்புச் சட்டி இருக்கும். முன்பு தங்கியவர்கள் பேக்கன் வறுத்த கொழுப்புதான் அதற்கு அந்த மினுமினுப்பைத் தந்திருக்கும். ஷாஃபி மத்ஹபில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவச் சொல்லியிருப்பதை உம்மா அறிவார்; விடுமுறையில் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இரண்டு சட்டி, ஒரு குக்கர், கத்தி, காய் நறுக்கும் பலகை ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குளியலறைக்கு ஒரு மக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணை வீடு என்றால் நாய் வீட்டுக்குள் வருமா என்பதை முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாப்பாவுக்குப் புது ஆட்டுக்கறி ஆசை வரும், அந்த ஆசையைத்தான் ஏஜென்ட் பிடித்துக்கொள்வார். லங்காஸ்டர் கவுண்டியின் நியூ ஹாலண்டில் திங்கட்கிழமைதோறும் ஆடுகள் ஏலம் போகின்றன. கிழக்குக் கரையின் பெரிய ஆட்டுச் சந்தைகளுள் ஒன்று அது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் விலை ஏறிவிடும். விற்பனைக்கு வரும் ஆட்டிறைச்சி அரசு ஆய்வுக்கு உட்பட்ட கூடத்தில் அறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். உயிருள்ள ஆடு முதலில் உங்களுக்குச் சொந்தமாகி, உங்களுடைய ஆட்டை உங்களுக்காக ஒரு கசாப்புக்காரர் அறுத்துத் தந்தால், அந்த ஆய்வு கட்டாயமில்லை. ஆனால் அந்தக் கறியின் மேல் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற முத்திரை இருக்கும். நீங்களும், உங்கள் வீட்டாரும், பணம் கொடுக்காத உங்கள் விருந்தாளிகளும் மட்டுமே அதை உண்ணலாம். பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர் பணம் கொடுக்காத விருந்தாளி ஆகமாட்டார். ஆகவே ‘பண்ணையிலேயே அறுத்த ஆட்டை உங்களுக்குப் பரிமாறுகிறோம்’ என்று ஏஜென்ட் சொன்னால், ஒன்று அது பொய், இல்லையென்றால் அது சட்டமீறல். விலை பேசுவதிலும் இதே வேறுபாடு உண்டு: உயிருள்ள ஆட்டுக்கு, அறுப்பதற்கு முன்னால் விலை பேசி உங்களுடையதாக்கிக்கொள்வது ஒன்று, ஆய்வில்லாமல் அறுத்து வெட்டிவைத்த கறியைப் பவுண்டு கணக்கில் வாங்குவது வேறு. இந்த வழியில் போவதாக இருந்தால், முஸ்லிம் ஒருவர் தாமே கத்தி பிடிக்கச் சம்மதிக்கும் சிறிய அறுப்புக்கூடத்தைத் தொலைபேசியில் கேட்டுப் பிடித்து, நாள் குறித்துக்கொண்டு, அதன் பிறகே ஆட்டைப் பண்ணையில் நேரடியாக வாங்குங்கள். ஏலக் கூடம் உங்களுக்கு ஏற்ற இடமல்ல. வாடகை வீட்டுக் கொல்லையில் அறுப்பது கூடவே கூடாது.

நாட்களை அமைப்பது எளிது. வெள்ளிக்கிழமை மட்டும் நடக்கும் எஃப்ரட்டாவின் கிரீன் டிராகன் சந்தைக்குக் காலையிலேயே போய்விட்டால், ஜும்ஆவுக்கு லங்காஸ்டர் நகரம் வந்து சேரலாம். நகரின் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் திறந்திருக்கும். ஞாயிறு ஆமிஷ் கடை எதுவும் திறக்காது, பண்ணை வாசலில் முட்டை கூடக் கிடைக்காது. சனிக்கிழமையே வாங்கிவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையை ஸ்ட்ராஸ்பர்க் நீராவி ரயிலுக்கு ஒதுக்குங்கள். 1832இல் உரிமம் பெற்ற அந்த ரயில் ஆமிஷ் வயல்களின் நடுவே பாரடைஸ் வரை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். வாப்பாவும் உம்மாவும் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிடலாம். அக்டோபர் 11 லங்காஸ்டர் ஆமிஷ் மக்களுக்கு நோன்பு நாள், அன்றும் அவர்களுடைய கடைகள் மூடியிருக்கும். யாருடைய முகத்தையும் படமெடுக்காதீர்கள். அதை அவர்கள் தங்கள் மார்க்க ஒழுங்குக்கு மாறானதாகக் கருதுகிறார்கள். சாம்பல் நிறக் குதிரை வண்டிக்குப் பின்னால் போகும்போது ஹாரன் அடிக்காமல், இடம் கிடைக்கும்வரை பொறுத்துப் போங்கள்.

இனிப் பணம். ஸெல் மூலம் நீங்களாகவே அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிடச் சட்டம் வழி செய்திருக்கிறது. கார்டு வாங்க மறுக்கும் ஏஜென்டுக்கு ஒரு காசும் தராதீர்கள். வீட்டை உரிமையாளரிடமோ தெரிந்த தளத்திலோ நேரடியாகக் கார்டில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் வாப்பாவுக்கு அந்தப் பேக்கேஜில்தான் மனம் இருக்கிறது என்றால், இறைச்சி எந்த அறுப்புக்கூடத்திலிருந்து வருகிறது, எந்த நிறுவனத்தின் சான்றிதழ், சமைக்கும் பாத்திரமும் எண்ணெயும் தனியா என்ற மூன்று கேள்விகளை ஏஜென்டுக்கு எழுதி அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். எழுதித் தராதவரோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.