ஜாமீன் கெடச்சும் போக முடியல – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எங்க சர்ச் பெண்கள் குழுவுல 22 பேர் சேந்து மகளிர் தினத்துக்கு பக்கத்துல இருக்கற பெண்கள் ஜெயிலுக்கு போயிட்டு வந்தோம். புடவை, சோப்பு, பிஸ்கட் குடுத்து, பாட்டு பாடி ஜெபம் பண்ணினோம். வந்ததுல இருந்து குழுவுல ஒரே சண்டை. கஷ்டத்துல இருக்கறவங்ககிட்ட போய் வேதம் படிக்கறது சரியா, இல்ல சும்மா பிரெண்டா பேசிட்டு வந்தா போதுமா? அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஜெயில் பொம்பளைங்களுக்காக உழைச்ச எலிசபெத் ஃப்ரை வேதம் தானே படிச்சாங்க? ஒரு அம்மா "எனக்கு ஜாமீன் கெடச்சிருச்சு, ஆனா போக முடியல"ன்னாங்க. எனக்குப் புரியல, ஆனா அழுதுட்டேன்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

போன வாரம் தான் செத்துப்போன எங்க அத்தையோட வீட்ட காலி பண்ணினோம். பீரோ அடியில ஒரு மஞ்சப் பை இருந்துச்சு, அத பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்தப்ப உங்க லெட்டர் வந்துச்சு. பைய பத்தி அப்புறம் சொல்றேன்.

வேதமா பிரெண்ட்ஷிப்பானு கேட்டீங்க. ஃப்ரை 1813ல லண்டன் நியூகேட் ஜெயிலுக்கு மொதல்ல போனப்ப கொண்டு போனது பச்சக் கொழந்தைகளுக்கு துணி. அப்புறம் 1816 கடைசி வரைக்கும் போக முடியல, நடுவுல சொந்த மகளையே மண்ணுல வெச்சாங்க. திரும்ப வந்தப்ப புள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் வேணுமானு உள்ள இருந்த பொம்பளைங்ககிட்டயே கேட்டாங்க, டீச்சரயும் அவங்களயே தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க, அவங்க கை காட்டினது வாட்ச் திருடின கேஸ்ல உள்ள இருந்த மேரி கானர்ங்கற பொண்ண. 1817ல சங்கம் ஆரம்பிச்சப்ப ஒவ்வொரு விதியயும் வாசிச்சு, கை தூக்கச் சொல்லித்தான் வெச்சாங்க. வேதம் படிச்சாங்க தான், ஆனா கேட்டுட்டு படிச்சாங்க. நீங்க 22 பேரும் வெளிய உக்காந்து சண்ட போடறீங்களே, உள்ள இருக்கறவங்கள யாராவது ஒருத்தர் கேட்டீங்களா? அவ்வளவு தான் அதுக்கு பதில். புடவை குடுத்தது நல்லது, அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல.

எனக்கு கோவம் வர்றது கடைசி வரில தான். "எனக்குப் புரியல, ஆனா அழுதுட்டேன்." ஏன்மா, புரியலன்னா கேக்க வேண்டாமா? அந்தம்மா சொன்னதுக்கு அர்த்தம் ரொம்ப சிம்பிள். ஜட்ஜ் விடச் சொல்லிட்டார், ஆனா இவ கோர்ட்டுக்கு ஒழுங்கா வருவான்னு ரெண்டு பேர் வந்து ஷூரிட்டி கையெழுத்து போடணும், போட ஆள் இல்ல. ஆம்பள உள்ள போனா பொண்டாட்டி தாலிய அடகு வெச்சாவது வக்கீலத் தேடி ஓடுவா, பொம்பள உள்ள போனா ஜெயில்ல மனு போட்டுப் பாக்கக்கூட பல வீட்ல ஆள் வராது, புருஷன் வேற குடும்பம் ஆயிருப்பான், அண்ணன் தம்பி "எங்க மானம் போச்சு"ம்பாங்க. இது இன்னிக்கு நேத்து கதை இல்ல. 1978ல மோதி ராம்னு ஒரு கொத்தனார், 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டாங்க, கூடப் பொறந்தவன் வந்து நின்னா வேற மாவட்டத்துக்காரன்னு தள்ளிட்டாங்க, சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜ் கிருஷ்ணய்யர் தான் 1,000 ரூபாய் சொந்த பாண்ட்ல, அதாவது அவர் கையெழுத்த மட்டும் வாங்கிக்கிட்டு, விடச் சொன்னார். இன்னும் அதே கத தான் ஓடுது.

இப்ப மஞ்சப் பை. அத்தை பத்தாவது கூட முடிக்கல, டெய்லரிங் பண்ணுவாங்க, ஜெயில்ல தையல் சொல்லிக்குடுக்க வாரம் ஒரு நாள் போவாங்க. அங்க ஒரு பொண்ணு, வேல செஞ்ச வீட்ல நகை காணோம்னு கேஸ், இடுப்புல மூணு வயசுப் புள்ள. ஜாமீன் கெடச்சு 40 நாளுக்கு மேல ஆயிருச்சு. அத்தை யார்கிட்டயும் கேக்கல, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ரெண்டு போட்டோ எல்லாத்தயும் பையில போட்டுக்கிட்டு கோர்ட்டுக்கு போயிட்டாங்க, கூட தையல் கிளாஸ் டீச்சர் ஒருத்தங்க.

மாஜிஸ்ட்ரேட் கேட்டார், இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு? உறவு இல்லைங்கய்யா. அப்புறம் எப்படித் தெரியும்? வாராவாரம் பாக்கறேங்கய்யா. ரத்த சொந்தம் இருந்தா கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் சட்ட உதவி வக்கீல் ஒருத்தர கூட்டிக்கிட்டு மறுபடி போனாங்க, இந்த தடவ பையில சர்ச் காலண்டரும் இருந்துச்சு, ஜெயிலுக்குப் போன ஒவ்வொரு நாளையும் செவப்பு பென்சில்ல சுழிச்சு வெச்சது. அத எடுத்து மேசை மேல வெச்சாங்களாம். கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க.

மாமா ஒரு வாரம் பேசல. அவர் பயத்துலயும் நியாயம் இருக்கு, அந்தப் பொண்ணு ஓடிப்போனா பாண்டு பணத்த நாம தான் கட்டணும். அதனால தான் சொல்றேன், மகளிர் தினத்தன்னிக்கு ஒரு தடவ பாத்த ஆளுக்கு யாரும் கையெழுத்து போட முடியாது, போடவும் கூடாது. பத்து தடவ போய் பேசி, அவ புள்ள பேரு, அவ கோவப்படற விஷயம் எல்லாம் தெரிஞ்சாத்தான் கை வரும். நீங்க பிரெண்ட்ஷிப்னு சொல்றது அது தான், விசுவாசம்னு சொல்றதும் அது தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தை கூடவே போவாங்க, பஸ்ல ரெண்டு டிக்கெட் அவங்க எடுத்தது.

அந்தப் புள்ள கொஞ்ச நாள் அத்தை வீட்ல இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, சாயங்காலம் 6 மணி ஆனா போதும், தெருவுல விளையாடிக்கிட்டு இருந்தாலும் தானா உள்ள வந்து தட்ட மடில வெச்சுக்கிட்டு செவுத்தோரமா உக்காந்துக்கும். ஜெயில்ல எல்லாரையும் உள்ள வெச்சுப் பூட்டற லாக்கப் நேரம் அது. அத்தை வாசக் கதவ ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் சாத்தவே மாட்டாங்க.

2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஜாமீன் கெடச்சு 7 நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளருக்கு தகவல் சொல்லணும், ஒரு மாசமாகியும் ஷூரிட்டி குடுக்க முடியலன்னா கோர்ட்டே கண்டிஷன தளர்த்தலாமானு பாக்கலாம். திங்கக்கிழமை அந்த ஆபீஸ்ல போய் அந்தம்மா விஷயத்தச் சொல்லுங்க. பேரு கேட்டு வெச்சீங்களா இல்லையா? இல்லன்னா மறுபடி உள்ள போய் கேட்டுட்டு வாங்க.

போறதுக்கு முன்னாடி 22 பேர்ல யார் பேர்ல வீட்டு வரி ரசீது இருக்குனு எடுத்துப் பாருங்க. பாதிக்கு மேல புருஷன் பேர்ல தான் இருக்கும். அவங்ககிட்ட பேசிட்டு எனக்கு எழுதுங்க.