பக்கத்தில் இருப்பதே நிறத்தை மாற்றுகிறது: வடிவமைப்பு குறித்த கேள்வி பதில்

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஓவிய மாணவி: ஐயா, ஒரு வீட்டின் முகப்பை நேரெதிரே நின்று வரைந்தேன். இருபுறமும் தூண்கள் ஒத்திருந்தும் படத்தில் உயிர் இல்லை. ஏன்?

சமச்சீர் அந்தக் கட்டடத்தின் இயல்பு. படத்திலும் அது அப்படியே இருக்க வேண்டியதில்லை. தலைவாசலில் நின்று உள்ளே பாருங்கள். முகப்பு, வளவு என்னும் திறந்த முற்றம், அடுத்த கட்டு என்று பின்வாசல் வரை பார்வை ஒரே கோட்டில் ஓடுகையில், நிழலும் வெயிலும் மாறி மாறி வருவதைக் காண்பீர்கள். லயம் என்று நாம் சொல்வது அதுதான். வளவில் விழும் வெயிலைப் படத்தின் நடுவிலிருந்து சற்று விலக்கி வைத்து, எதிர்ப்புறத்தை அகன்ற நிழலால் ஈடு செய்தால் சமநிலையும் கெடாது.

காரைக்குடியிலிருந்து, கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னும் ஓர் ஆச்சி: நீல ஓலைகளுக்கு நடுவே கறுப்பு ஓலையைக் கோத்தால் அது வெளிறித் தெரிகிறது. சாயத்தில் குறையா?

சாயத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள், ஆச்சி. வெள்ளைத் தாளில் சிறு துளையிட்டு, அதன் வழியே கறுப்பு ஓலையை மட்டும் பாருங்கள். அது நல்ல கறுப்பாகத் தெரிந்தால் சாயத்தில் பிழையில்லை. பாரிஸின் கோபலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவை நிர்வகித்த வேதியியலாளர் ஷெவ்ரலுக்கும் இதே புகார் வந்தது: நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே கறுப்பு நூல் வலுவிழந்து தெரிந்தது. அவர் ஆராய்ந்தபோது நூலில் குறையில்லை. பக்கத்து நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின் மேல் ஏற்றிக் காட்டுகிறது என்று கண்டு, 1839இல் நூலாகவே வெளியிட்டார். நீலம் தன் அண்டைக்கு ஆரஞ்சுச் சாயலைத் தருவதால்தான் உங்கள் கறுப்பும் பழுப்பேறித் தெரிகிறது. இரண்டுக்கும் இடையே சாயமேற்றாத ஓலை ஒன்றைக் கோத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், கொட்டானுக்கு அழகே அந்த வெறும் ஓலையின் நிறம்தான்.

ஆத்தங்குடியிலிருந்து ஓர் இளைஞர்: நான் வரைந்த டைல்ஸ் தனியே பார்க்க அழகாக இருக்கிறது, தரையில் பரப்பினால் நெரிசலாகிவிடுகிறது.

டைல்ஸ் செய்யக் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து நிறம் ஊற்றும்போது ஒரு கல்லைத்தான் பார்க்கிறோம். தரையிலோ நான்கு கற்களின் மூலைகள் கூடும் இடத்தைத்தான் கண் முதலில் பற்றுகிறது. மூலையில் கால் பூ இருந்தால், அங்கே முழுப் பூ மலரும். நடுவிலும் ஒரு பூ இருந்தால் இரண்டும் போட்டியிடும். அச்சு செய்யக் கொடுப்பதற்கு முன், தாளில் வரைந்த படத்தின் மூலையில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டைச் செங்கோணமாக நிறுத்திப் பாருங்கள்; நான்கு கற்கள் கூடிய தோற்றம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு ஒரு பூவை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஒரே நிறமாக விடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஓர் அச்சக உரிமையாளர்: கல்யாணப் பத்திரிகையில் எல்லா எழுத்தையும் தங்க நிறத்தில் கேட்கிறார்கள். செய்யலாமா?

மணமக்கள் பெயருக்கு மட்டும் தங்கம் இடுங்கள்; மற்றவை அரக்கு நிறத்தில் இருக்கட்டும். இரண்டு மாதிரிகளையும் அச்சடித்து, கைநீட்டும் தூரத்தில் வைத்துக் காட்டினால் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள்.