ரிப்போர்ட் நார்மல், படபடப்பு மட்டும் நிற்கவில்லை

கேள்வி: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் கணவர் இரண்டு வாரம் ஆக்ஸிஜன் படுக்கையில் இருந்தார். உள்ளே யாரையும் விடவில்லை. மருத்துவமனையிலிருந்து வரும் போன் ஒன்றுதான் தகவல். அவர் நலமாகத் திரும்பிவிட்டார். ஆனால் இன்றும் இரவில் போன் அடித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது, அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். 'வெறும் மனப்பிரமை' என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லை. உங்கள் இதயத்தில் கோளாறு இல்லை என்பதைத்தான் அந்தப் பரிசோதனைகள் சொல்கின்றன. நீங்கள் படும் அவஸ்தை பொய் என்று அவை சொல்லவில்லை. ஆபத்து என்று மூளை கணித்த நொடியிலேயே அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. தோலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால்தான் கை சில்லிடுகிறது. தொடர்ந்து சுரக்கும் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன், இரவில் தணிய வேண்டியது, அச்சம் நீடிக்கும்போது தணியாமல் தூக்கத்தைக் கெடுக்கிறது; இது நீண்டால் வயிற்றுக் கோளாறும் கழுத்து வலியும் வரலாம், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்படாமல் போகலாம். சிறிது நேரத்தில் முடிந்துவிடும் ஆபத்துக்கென்று அமைந்த இந்த ஏற்பாடு, உங்களுக்கு இரண்டு வாரம் ஓயாமல் இயங்கியது. போன் மணியை ஆபத்தின் அறிகுறியாக அப்போது பதித்துக்கொண்ட மூளை, கணவர் குணமான பிறகும் அதை அழிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால், தூக்குவாளியில் கஞ்சியோடு யாராவது வந்து வராந்தாவில் துணைக்கு உட்கார்ந்திருப்பது நம் ஊர் வழக்கம். அந்த ஆறுதல் கிடைக்காமல், அத்தனையையும் நீங்கள் தனியாகத் தாங்கியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். அவற்றாலும் படபடப்பு வரும். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். படபடப்பு தொடங்கும்போது மூச்சை உள்ளிழுப்பதைவிட அதிக நேரம் எடுத்து வெளிவிடுங்கள், இதயத் துடிப்பு தணியும். பயந்து போனை அணைத்து வைக்காதீர்கள். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றும். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். இத்தனை காலம் நீடித்திருப்பதால் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ அவசியம் பாருங்கள். இதற்குப் பலன் தரும் பேச்சு சிகிச்சைகள் உள்ளன. முதலில் போனில் பேச விரும்பினால், மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த இரண்டு வாரம் வெளியே நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைக் கணவரிடமும் சொல்லுங்கள். உள்ளே இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து காலையில் தாடை வலிக்கிறது. மன அழுத்தம் காரணமாக இருக்குமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இருக்கலாம். மன அழுத்தத்தில் இருப்பவர்கள் தூக்கத்தில் தம்மை அறியாமல் பல்லைக் கடிப்பதுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளின் பல் மருத்துவர்கள் இதை அதிகமாகக் கண்டார்கள். பற்கள் தேய்ந்திருந்தால், இரவில் அணியும் பல் உறையைப் பல் மருத்துவர் செய்து தருவார். குறட்டையும் இருந்தால் அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயோடும் பல் கடிப்பது சேர்ந்து வரலாம்.