கும்பகோணத்தில் இருந்துகொண்டு புது இசை பேண்டுகளைப் பிடிப்பது

சொந்தப் பாட்டு போடும் புது பேண்டுகளைக் கும்பகோணத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாமே சென்னையில்தானே நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பாதி சரி. டிக்கெட் போட்டு நடத்தும் பேண்டு நிகழ்ச்சி நம் பக்கம் அரிது, ஆனால் வாசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கல்லூரி விழாக்களில் தொடங்குங்கள்: திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டெம்பர், தஞ்சாவூர் சாஸ்த்ராவின் குருக்சாஸ்த்ரா. வெளியாட்களை விடுவார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இரவு வரும் பெரிய பெயரை விடுங்கள், மாணவர் பேண்டு போட்டிதான் உங்களுக்கு வேண்டியது. அங்கே சினிமா பாட்டுகளுக்கு நடுவே சொந்தமாக ஒன்றை நுழைக்கிற குழுவைக் குறித்துக்கொண்டு, மேடையை விட்டு இறங்கியதும் டிரம்மரிடம் பேச்சுக் கொடுங்கள், ஏனென்றால் சின்ன ஊர்களில் நல்ல டிரம்மருக்கு எப்போதும் தட்டுப்பாடு, ஒரே ஆள் இரண்டு மூன்று குழுக்களுக்கு வாசிப்பார், அவரைப் பிடித்தால் மற்றவர்களும் கிடைப்பார்கள்.

அப்புறம், யூடியூபில் பாட்டுக்குக் கீழே மிக்ஸிங் செய்தவர், அதாவது குரலையும் கருவிகளையும் அளவாகக் கலந்து பாட்டாக்கியவர், பெயர் போட்டிருந்தால் அதைத் தேடுங்கள்; அவர் வேலை செய்த மற்ற குழுக்களும் கண்ணில் படலாம். ஸ்பாட்டிஃபை பரிந்துரையைவிட அது உருப்படியான வழி.

கிட்டாரை மட்டும் தேடாதீர்கள். 2017இல் சென்னையில் உருவான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியது. இங்கே தவிலும் பறையும் வாசிக்கிற பையன்களுக்கா பஞ்சம்?