சுழல் சுரங்கமும் தலைசுற்றலும்: எடின்பரோ செல்லும் உங்கள் தாயாருக்காக

எடின்பரோவின் கேமரா ஆப்ஸ்க்யூரா காட்சியகத்துக்குப் பேரக்குழந்தைகளுடன் செல்லவிருக்கும் உங்கள் தாயாருக்கு அடிக்கடி தலைசுற்றல் வரும் என்றும், அங்குள்ள சுழல் சுரங்கத்தில் அவர் விழுந்துவிடுவாரோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

சுரங்கத்தினூடே நடந்து செல்வதற்கான பாலம் சிறிதும் அசைவதில்லை. அதைச் சூழ்ந்துள்ள, ஒளிப்புள்ளிகள் நிறைந்த உருளை மட்டுமே சுழல்கிறது. ஆயினும் பார்வைப் பரப்பு முழுவதும் ஒரே திசையில் நகரும்போது, நகர்வது நம் உடல்தான் என்று மூளை எடுத்துக்கொள்ள, உள்காதின் சமநிலை உறுப்போ உடல் சாயவில்லை என்று தெரிவிக்கிறது. இந்த முரண்பாட்டால்தான் நலமாக இருப்பவர்கள்கூடக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். கண்களை மூடினால் மாயம் மறையும் என்பது உண்மையே. ஆனால் உள்காதுக் கோளாறு உள்ளவர்கள் சமநிலைக்குப் பார்வையையே பெரிதும் நம்பியிருப்பதால், அந்த உத்தி உங்கள் தாயாருக்குப் பாதுகாப்பானதன்று. அவர் சுரங்கத்தைத் தவிர்ப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். நுழைந்தவுடன் பணியாளரிடம் மாற்றுவழி கேளுங்கள்.

சுரங்கத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது படிக்கட்டுகள். பழங்கட்டடமான அந்தக் காட்சியகத்தில் மின்தூக்கி இல்லை. காட்சியகத்தின் பெயரிலுள்ள கேமரா ஆப்ஸ்க்யூராவோ, அதாவது வெளிக்காட்சியை உள்ளே விழச்செய்யும் இருட்டறையோ, உச்சியில் இருக்கிறது. அவரால் நிதானமாக ஏற முடிந்தால், அதைத் தவறவிடாதீர்கள். ஆடியும் வில்லைகளும் வெளியுலகின் ஒளியை இருட்டறைக்குள் இறக்க, வெண்ணிற மேசையில் நகரம் உயிரோடு நகரும். மேசையில் விழும், தெருவில் நடப்பவர்களின் உருவங்களைக் குழந்தைகள் ஒரு காகிதத்தில் ஏந்தித் தூக்கலாம். பகல் வெளிச்சம் நன்றாக உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.